ஐஸ் ஃபேக்டரி கம்ப்யூட்டர் எடுத்த சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களைத் தள்ளிவிட்டேன். எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு முகம் முன்னால் வந்து நிற்கும். ஒரு நாள் அண்ணன் முகம், இன்னொரு நாள் முதலாளி முகம். பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மன் படத்துக்கு விளக்கேற்ற எழுந்துவிடுவேன். இப்போது அந்த இரண்டு பேரும் இல்லை.

சமீபத்தில் வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் தபாலில் வந்தது. தலை நரைக்கும் வரை நான் வேலை பார்த்த கம்பெனியின் வரலாறு. முதல் பக்கத்தில் மாலை போட்ட முதலாளி படம். நடுவில் எங்கள் ஊரைப் பற்றியும் நான்கு வரி இருந்தது. பழவேற்காடு ஏரிக்கரை மீனவர்கள் தங்கள் மீன்பிடி முறையை எங்கள் புரோகிராமிடம் ஒப்படைத்துப் பல காலம் சச்சரவில்லாமல் தொழில் செய்தார்கள் என்று போட்டிருந்தது. ஊரில் போய்க் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அம்மன் மிஷினுக்குள் இறங்கிப் பேசினாள் என்பார்கள். இரண்டும் நடக்கவில்லை. நடந்தபோது அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிறது. பழவேற்காட்டுக்கு வர வேண்டுமென்றால் தோணி ஏற வேண்டும். வேறு வழியில்லை. ஏரியில் வலை கட்டுவதற்கு எங்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. யாரும் இஷ்டப்பட்ட இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் காலம் தொடங்குவதற்கு முன்னால் கோயிலில் சீட்டுக் குலுக்குவார்கள். முதல் சீட்டு எந்த வலைக் கூட்டத்துக்கு விழுகிறதோ அந்தக் கூட்டம் முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டும். இறால் ஏரியை விட்டுக் கடலுக்குப் போகிற வழி அது. கடைசிச் சீட்டுக்காரருக்குச் சேறும் பாசியும்தான். விழுந்தது விழுந்ததுதான், அந்தக் காலம் முடியும்வரை மாற்ற முடியாது. அம்மன் கொடுத்தது என்று வாயை மூடிக்கொண்டு போக வேண்டும்.

நான் வலைக்குப் போகவில்லை. நைனா என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்தேன். எழுபதுகளின் நடுவில் மெட்ராஸ் மண்ணடிப் பக்கம் ஒரு சந்தில் கூட்டல் மிஷின், டைப்ரைட்டர் ரிப்பேர் செய்யும் கடையில் வேலை கிடைத்தது. இப்போது வழவழப்பான புத்தகம் போடுகிற கம்பெனி அப்போது அவ்வளவுதான். ஒரு அறை, எண்ணெய் வாடை, சுவரில் பிள்ளையார் காலண்டர். முதலாளி கடை கடையாகப் போய் மிஷின் சரி செய்வார். அங்கே கணக்கப்பிள்ளைகள் ராவும் பகலும் முதுகு ஒடியக் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, சம்பளக் கணக்கை வாங்கிவந்து செய்து கொடுக்கத் தொடங்கினார். கணக்கைக் கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி நாங்கள் அட்டையில் துளை போடுவோம். வேறொரு பெரிய ஆபீஸின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு நேரம் வாங்கி அந்த அட்டைகளை ஓட்டுவார். எண்பதுகளில் மேஜை மேல் வைக்கிற கம்ப்யூட்டர் வந்ததும் சொந்தமாக ஒன்று வாங்கிப் புத்தகத்தைப் பார்த்துத் தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். சரக்கு வரவு, இருப்பு, பில் எல்லாம் போடுகிற புரோகிராம்.

அதை முதலில் வாங்கியது இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. அவர்களுடைய ஐஸ் ஃபேக்டரி பழவேற்காட்டுக் கரையில் இருந்தது. கம்ப்யூட்டருக்குக் குளிர் வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். இரண்டும் ஐஸ் ஃபேக்டரியில் ஏற்கெனவே இருந்ததால் மிஷினை அங்கேயே வைத்தார்கள். "உன் ஊர்தானேப்பா, நீயே போய்ப் பார்த்துக்கோ" என்று முதலாளி என்னை அனுப்பினார். எனக்குக் கல்யாணமான புதிது. அம்மனே வீட்டுக்கு அனுப்பி வைத்தாள் என்று நினைத்துச் சந்தோஷமாக வந்தேன்.

வந்த பிறகுதான் அந்த அறையைப் பார்த்தேன். பிளைவுட் தடுப்பு. ஜன்னல்களைத் தெர்மோகோல் வைத்து அடைத்திருந்தார்கள். அம்மோனியா வாடை. என்னைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது, தூசி வரும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் என் வீடு. நானோ ஐஸ் பெட்டியில் போட்டு மூடிய மீன் மாதிரி உள்ளே உட்கார்ந்து இறால் எடை தட்டிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வெளியே வந்தால் கண் கூசும்.

அந்த வருடம் எங்கள் ஊரில் சீட்டுச் சண்டை வந்தது. சீட்டு எழுதியவர் தன் ஆட்களுடைய சீட்டை மட்டும் வேறு மாதிரி மடித்து அடையாளம் வைத்தார் என்று ஒருவர் சொல்ல, கழி எடுத்து அடித்துக்கொண்டார்கள். யார் எழுதினாலும் நம்ப மாட்டோம் என்றார்கள். ஊர்த் தலைவர் என் தாய்மாமன், என் மனைவியின் அப்பா. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஐஸ் ஃபேக்டரி வாசலில் உட்கார்ந்திருந்தார். இறால் கொள்முதல் பார்க்கும் பழவேற்காட்டு பாய் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் வேண்டியவர், டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"எதுக்குப் பேஜாரு தலைவரே? உள்ள ஒரு மிஷின் கீதே, அத்த எடுக்கச் சொல்லுங்க. அதுக்கு மச்சான் கெடையாது, பங்காளி கெடையாது, பொண்ணு குடுத்தவன் கெடையாது."

சிரிக்கத்தான் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. "மாப்ள, அது முடியுமா?" என்று என்னைக் கேட்டார். நான் மெட்ராஸில் சொன்னேன். முதலாளி துள்ளிக் குதித்துக்கொண்டு வந்துவிட்டார். மீன் பிடிக்கிறவர்களே நம்பினார்கள் என்று சொன்னால் எந்த வியாபாரி வாங்க மாட்டான் என்றார். ஒரே நாளில் புரோகிராம் எழுதினார்.

வலைக் கூட்டத் தலைவர்கள் எல்லோரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கி நின்றார்கள். மாமா ஒன்று கேட்டார். கோயிலில் சீட்டுப் போடுவதற்கு முன்னால் பானையைக் கவிழ்த்துக் காட்டுவோம். உள்ளே முன்கூட்டி எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று எல்லோரும் பார்க்க வேண்டும். மிஷினையும் அப்படிக் காட்ட வேண்டும் என்றார்.

"அதுக்கென்ன, சுவிட்சை அணைச்சுப் போடறேன். போட்டதும் இது பொறந்த குழந்தை மாதிரி. முன்னாடி நடந்தது ஒண்ணும் தெரியாது" என்றார் முதலாளி. அணைத்தார். திரை இருண்டது. எல்லோரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். போட்டார். ஒருவர் மிஷினுக்குக் குங்குமம் வைத்தார், இன்னொருவர் சூடம் கொளுத்தப் போனார். முதலாளி "ஐயோ புகை, புகை" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரிண்டர் கரகரவென்று அடித்தது. முதல் பெயர் என் அண்ணன் கூட்டம். யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த வருடம் அண்ணன் நல்ல இறால் பார்த்தான், வீட்டுக்கு ஓடு போட்டான். நானும் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன்.

அடுத்த வருடம் முதலாளி வரவில்லை, நீயே போடு என்றார். மறுபடி எல்லோரும் அறைக்குள் வந்தார்கள். மறுபடி மாமா, "கவுத்துக் காட்டு மாப்ள" என்றார். அணைத்தேன், காட்டினேன், போட்டேன். அடித்து வந்த தாளை எடுத்துப் படித்தேன். முதல் பெயர் அண்ணன் கூட்டம். "குடுத்து வெச்சவன்" என்று யாரோ சொன்னார்கள். இரண்டாவது படித்தேன். மூன்றாவதும் படித்தேன். நான்காவது பெயருக்கு நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னார். போன வருடம் கடைசிச் சீட்டு விழுந்தவர். ஐந்தாவதையும் அவரே சொன்னார். பிறகு என் கையிலிருக்கிற தாளைப் பார்க்காமலே வரிசையாக எல்லாப் பெயரையும் சொல்லி, முடிவில் தன் பெயரைச் சொல்லி நிறுத்தினார். ஒன்றும் தவறவில்லை. ஒரு வருடம் சேற்றில் வலை கட்டியவருக்கு அந்த வரிசை மறக்குமா?

"மச்சான் பங்காளி இல்லாத மிஷினுக்கு அண்ணன் மட்டும் கீறானா?" என்று கேட்டார்.

அதற்கு மேல் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் சட்டையைப் பிடித்தார்கள். பாய் வந்து விலக்கினார். "பொண்ணு குடுத்தவரு தலைவரு, அண்ணன் மொதப் பாட்டுக்காரன், நடுவுல இவன். நல்லா கீதுடா உங்க மிஷினு" என்று ஒருவர் மாமாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். மாமா முகம் கறுத்துவிட்டது. மருமகன் என்று பார்த்தால் அவர் தலைவராக இருக்க முடியாது. எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"வெள்ளிக்கெழம அம்மன் முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். மிஷினு சரியா குலுக்குச்சு, நான் கை வெக்கலன்னு சொல்லட்டும். அணைச்சா பாடு இப்பிடியே நிக்கும். அணைக்கலன்னா குடும்பத்தோட ஊர விட்டுத் தள்ளி வெப்போம். அதுவரைக்கும் இவன் இந்தக் கரைலயே கெடக்கட்டும். ஒருத்தனும் தோணி ஏத்தக் கூடாது."

தள்ளி வைப்பது என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மணல் திட்டில் தோணி ஏற்ற மாட்டார்கள் என்றால் உப்புக்கும் அரிசிக்கும் வழியில்லை, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வரை அந்த அறைதான் எனக்கு வீடு. கரையில் போய் நின்றால் தெரிந்த தோணிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பு போடுவார்கள். கூட விளையாடியவன் ஒருவன், "கோச்சுக்காத, எனக்கும் குடும்பம் கீது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். தூரத்தில் என் வீட்டுக் கூரை தெரியும். துணி காயப் போட யாரோ நடப்பது தெரியும். அவள்தானா என்று தெரியாது. பாய் வீட்டிலிருந்து சோறு வரும். "நான் வாய வெச்சுகினு சும்மா இருந்திருக்கணும் தம்பி" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

நான் கை வைக்கவில்லை. அம்மனுக்குத் தெரியும். அப்படியானால் ஒரே வரிசை எப்படி வந்தது? அம்மனே இரண்டு தடவை சொன்னாளோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அப்படி இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன். பிறகு மிஷினை அணைத்துப் போட்டு அந்தப் புரோகிராமை ஓட்டினேன். அண்ணன் கூட்டம் முதலில் வந்தது. மறுபடி அணைத்துப் போட்டேன். அதே வரிசை. அணைக்காமல் தொடர்ந்து ஓட்டியபோது வேறு வரிசை வந்தது. அணைத்துப் போட்டால் திரும்பவும் அண்ணன் கூட்டம். நாங்கள் கவிழ்த்துக் காட்டியதுதான் வினை. பிறந்த குழந்தை ஒவ்வொரு தடவையும் ஒரே அழுகையைத்தான் அழுகிறது. யாரும் ஏமாற்றக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த காவலே இப்படி வந்து முடிந்தது.

பாய் கடையிலிருந்து மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டேன். முதலாளி எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "ஒரு வரி விட்டுப்போச்சு. மிஷின் போட்டதும் எப்பவும் ஒரே இடத்திலேருந்துதான் குலுக்க ஆரம்பிக்கும், வெளியிலேருந்து அதைக் கிளறி விடணும். நான் போடலை" என்றார். உடனே, "யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காரில் வந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். பம்பாயில் ஒரு பெரிய கம்பெனி தங்கள் குடோன்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் புரோகிராமை வாங்குவதாக இருக்கிறது, இன்னும் கையெழுத்தாகவில்லை, இந்த ஊர்க் கதையைச் சொல்லித்தான் அவர்களை வளைத்திருக்கிறேன் என்றார்.

"மிஷின் தப்புப் பண்ணிச்சுன்னு ஊர்ல பேச்சு கிளம்பினா அவ்வளவுதாம்ப்பா. கடை மூடணும். உன்கூட அட்டை அடிச்ச பசங்க எல்லாரும் தெருவுக்குப் போகணும். நீ கை வைக்கலை, அது நிஜம்தானே? அணைச்சிட்டு வந்துடு. உன் குடும்பமும் தப்பிக்கும், என் கம்பெனியும் தப்பிக்கும். அடுத்த வருஷம் அந்த வரியைச் சேர்த்துடறேன்."

"மிஷின் சரியா குலுக்குச்சுன்னு சொல்லச் சொல்றாங்க சார்."

"சொல்லேன். அதுல என்ன இருக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. நைனா செத்தபோது எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றவர். அவருக்குச் சூடம் என்றால் பூஜை சாமான். எங்களுக்கு அப்படி இல்லை. பொய்யாக அணைத்த கை வலை இழுக்காது என்று நம்புகிறவர்கள் நாங்கள். அப்போது என் மனைவி வயிற்றில் ஒரு உயிர் இருந்தது. அணைத்தால் அம்மன் விடமாட்டாள், அணைக்காவிட்டால் ஊர் விடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வலைதான்.

மாமா தோணி அனுப்பினார். முதலாளியும் ஏறிக்கொண்டார். தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். ஷூவோடு நடுவில் குந்திக்கொண்டு இரண்டு பக்கப் பலகையையும் பிடித்துக்கொண்டார். தோணிக்காரர், "ஆழம் இடுப்புக்குத்தான் சார். வுழுந்தா எழுந்து நடந்தே வரலாம்" என்றார். அப்போதும் அவர் பிடியை விடவில்லை. கரை நெருங்கும்போது என் பக்கம் குனிந்து, "பார்த்துக்கோப்பா" என்று மட்டும் சொன்னார்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. என் மனைவி பெண்களோடு நிற்காமல் தனியாக நின்றாள். யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. நான் கடந்து போகும்போது, "சோறு துன்னியா?" என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

மாமா தட்டில் சூடம் ஏற்றினார். அண்ணன் எதிரே நின்றான். அவன் வலைக் கழிகளை ஏற்கெனவே முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்விட்டான். "சொல்லிட்டு அணைடா" என்றான். நான் அம்மன் முகத்தைப் பார்த்தேன்.

"நான் கை வெக்கல" என்றேன். "மிஷினு குலுக்கல. அணைச்சுப் போட்டா அதே வரிசைதான் வருது. நான் ஓட்டிப் பாத்தேன். இது அம்மன் மேல சத்தியம்" என்று உள்ளங்கையை வைத்து அணைத்தேன். சுட்டது தெரியவில்லை.

கூச்சல் எழுந்தது. மாமா கையைத் தூக்கி அடக்கிவிட்டு முதலாளியைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார். அவர் இங்கிலீஷும் தமிழுமாக என்னென்னவோ சொன்னார். எண்கள் எப்படிப் பிறக்கின்றன, மிஷின் எதை நம்பி எடுக்கிறது என்று. கடைசிச் சீட்டுக்காரரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தோ பாரு சாமி, நீ படிச்சவரு, எங்களுக்கு அதெல்லாம் வாணாம். புள்ள சொன்னது நெசமா, பொய்யா? அத்த சொல்லு."

அவர் தன் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "நெஜம்தாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவர் படத்தைப் பூஜை அறையில் வைத்திருக்கிறேன்.

மாமா தீர்ப்புச் சொன்னார். "மாப்ள மேல குத்தமில்ல. மிஷினு எடுத்த சீட்டு செல்லாது." அங்கேயே பானை வந்தது. கவிழ்த்துக் காட்டினார்கள். சீட்டுப் போட்டதும் ஒவ்வொரு கூட்டத் தலைவரும் கையை விட்டுக் கிளறினார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த காரியம்தான். கவிழ்ப்பதை மட்டும் மிஷினுக்குச் சொன்னோம், கிளறுவதை யாரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணனுக்கு முதல் பாடு போயிற்று. கடைசிக்கு முந்தினது விழுந்தது. அவன் சீட்டைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"அணைச்சிட்டுப் போயிருக்கலாம்லடா. உன்ன யாரு இதெல்லாம் கேட்டது?"

அவன் என்னிடம் முகம் பார்த்துப் பேசிய கடைசி வார்த்தை அது. முகத்துவாரத்திலிருந்து கழிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

ஊர் என்னைத் தள்ளி வைக்கவில்லை. தோணியில் இடம் கொடுத்தார்கள். ஆனால் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடும். அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வாசலை என் மனைவியும் நானும் தலையைக் குனிந்துகொண்டே கடந்தோம். மகள் பிறந்தாள், அவன் பார்க்க வரவில்லை. சீக்கிரமே முதலாளி என்னை மெட்ராஸுக்கே மாற்றிக்கொண்டார். பம்பாய்க் கம்பெனி கையெழுத்துப் போட்டது. எங்கள் ஊரில் நடந்தது அவர்கள் காதுக்குப் போகவேயில்லை. கம்பெனி வளர்ந்தது, மாடி மேல் மாடி எழும்பியது. அங்கேயும் தெர்மோகோல் அடைத்த அறை. மறுபடி ஊர்ப் பக்கம் அனுப்பச் சொல்லிக் கேட்டால் முதலாளி அனுப்பியிருப்பார், ஆனால் கேட்டுப் போக எனக்கு இடமில்லை. ஊருக்குத் திரும்பினால் அந்த வாசல் இருக்கிறது. அண்ணன் இறந்தபோது போனேன். அண்ணி எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள்.

கம்பெனிப் புத்தகம் ஒரு மாதிரி சொல்கிறது, ஊர் ஒரு மாதிரி சொல்கிறது. படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் இப்படியே சொல்லுங்கள். என்னைப் பெரிய சத்தியவான் ஆக்காதீர்கள். பயந்துகொண்டுதான் சொன்னேன். முதலாளியை வில்லன் ஆக்காதீர்கள், அம்மனை மிஷினுக்குள் இறக்காதீர்கள். என் அண்ணன் பேராசைக்காரன் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். முதல் பாடு விழுந்தவன் கழி நட்டான், அவ்வளவுதான்.